ஆச்சியின் வாழ்க்கைக் குறிப்பு: எங்கே தேடுவது, எதை விடுவது

மறைந்துபோன ஆச்சியின் (பாட்டியின்) வாழ்க்கைக் குறிப்பைச் சர்ச்சில் வாசிக்க எப்படி எழுதுவது என்று மூன்று ஊர்க்காரர்கள் சொல்லும் யோசனை இது. பேசுகிறவரின் ஊர்தான் அவரவர் பெயராக மேலே இருக்கிறது.

பாளையங்கோட்டை:
நினைவு ஆராதனையில் வாசிக்கிற வாழ்க்கைக் குறிப்புக்கு முதலில் கையில் எடுக்க வேண்டியது ஆச்சியின் வேதப்புத்தகம் (பைபிள்). எடுத்ததும் உதறிவிடாதீர்கள். ஜனவரி 1 ஆராதனையில் கொடுத்த வாக்குத்தத்த அட்டை (அந்த வருஷத்துக்கான வசனம் அச்சிட்டது), குருத்தோலை ஞாயிற்றின் காய்ந்த சிலுவை, பேரனின் பரீட்சை நம்பர் எழுதிய துண்டுச்சீட்டு என்று என்னென்னவோ உள்ளே இருக்கும். எந்தச் சீட்டு எந்தச் சங்கீதத்தில் (பைபிளில் உள்ள துதிப்பாடல்) கிடந்தது என்பது முக்கியம். அதனால் இருந்த இடத்திலேயே வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் போனில் படம் எடுங்கள். ஃபிளாஷ் போட்டால் பென்சில் எழுத்து பளபளத்துத் தெரியாமல் போகும். கிழிந்த தாளில் செல்லோடேப் ஒட்ட வேண்டாம். சில வருஷத்தில் பசை மஞ்சளாகித் தாளையும் கெடுத்துவிடும்.

வசனத்தின் ஓரத்தில் வெறும் தேதி மட்டும் இருந்தால் மகள்களின் பிரசவம், ஆப்பரேஷன், வேலை கிடைத்த நாள் இவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பாதிக்கு மேல் பொருந்தும்.

நாசரேத்:
பிறந்த தேதிக்கு ஸ்கூல் சர்டிபிகேட்டை நம்பாதீர்கள். பல பேருக்கு அது சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதி. நம் ஊரில் இத்தனை பேர் ஜூன் மாதம் பிறந்த ரகசியம் அதுதான். ஞானஸ்நானப் பதிவேட்டைப் பாருங்கள், அதுவும் பிறந்த ஊர்ச் சபையில். கட்டிக்கொடுத்த ஊரில் போய்த் தேடிவிட்டு "இல்லை" என்று திரும்புகிறவர்கள்தான் அதிகம். 1947 செப்டம்பர் 27-க்கு முந்தைய ஞானஸ்நானம் என்றால் "சி.எஸ்.ஐ. சபையில்" என்று எழுதக்கூடாது. அன்றைக்குத்தான் சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபையே உருவானது, அதற்கு முன் திருநெல்வேலி அத்தியட்சாதீனம் (ஒரு பிஷப்பின் கீழ் உள்ள சபைகள்) ஆங்கிலிக்கன் சபை, அதாவது இங்கிலாந்துத் திருச்சபை வழி வந்தது.

மெஞ்ஞானபுரம்:
பிடியரிசியை விட்டுவிடாதீர்கள். உலையில் போட அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துக் காணிக்கைப் பானையில் போடுவார்களே, அது. பிடி சுமார் 50 கிராம். இரண்டு வேளை உலை என்றால் மாதம் 3 கிலோ. "தாராள மனசுக்காரர்" என்று எழுதுவதைவிட இந்தக் கணக்கு சபைக்குச் சட்டென்று புரியும். அரிசிக்குத் தட்டுப்பாடான மாதத்திலும் பிடி எடுத்தாரா என்று மருமகளிடம் கேளுங்கள். மகன்களுக்குத் தெரிந்திருக்காது.

சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் "எப்படிப்பட்டவங்க?" என்று கேட்டால் "தங்கமானவங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். எந்தக் கீர்த்தனையை எடுத்துக்கொடுப்பாங்க, அசனத்துக்கு (சபை விருந்துக்கு) வெங்காயம் உரிப்பாங்களா பந்தியில் பரிமாறுவாங்களா, யார் வீட்டுக்கு ஜெபிக்கப் போவாங்க என்று கேட்டால் வாய் திறக்கும்.

பாளையங்கோட்டை:
அளவு ஒன்றரைப் பக்கம், நாலு நிமிஷம் போதும். பேரப்பிள்ளைகளின் டிகிரி, கம்பெனி, அமெரிக்கா எல்லாம் நுழைந்தால் ஆச்சி காணாமல் போய்விடுவார். பெயர்களை நினைவு அட்டையின் பின்பக்கம் அச்சிட்டுக்கொள்ளலாம்.

நாசரேத்:
கல்லறைக் கல்லுக்கு அவசரம் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழை ஒரு தடவை பெய்து போகட்டும். மண் அமுங்கும் முன் கிரானைட் பலகை போட்டால் ஒரு பக்கம் இறங்கி விரிசல் விடும். வெட்டுகிறவரிடம் வசன எண்ணை வாயால் சொல்லாதீர்கள், எழுதிக் கொடுங்கள். தீமோத்தேயுவின் பாட்டி லோவிசாள், தாய் ஐனிக்கேயாள் விசுவாசத்தைச் சொல்லும் வசனம் 2 தீமோத்தேயு 1:5. அந்த 2, 1 ஆகிவிட்டால் அப்புறம் புதுக்கல்தான்.