கொலோனோஸ்கோபிக்கு வருபவர்கள் இரவு தங்க அறை வேண்டும்

வணக்கம். உசிலம்பட்டி, பேரையூர் பக்கமிருந்து மதுரைக்குக் காலை 9 மணி கொலோனோஸ்கோபிக்கு (பெருங்குடலுக்குள் கேமரா குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனை) வருபவர்கள் பலர், குடலைச் சுத்தமாக்கும் பேதி மருந்தின் இரண்டாவது பாதியைக் குடிக்காமலே பஸ் ஏறிவிடுகிறார்கள். வழியில் வயிறு கலக்கிவிடும் என்ற பயம், நியாயம்தான். ஆனால் முந்தின மாலையோடு நிறுத்தினால், விடிவதற்குள் சிறுகுடலிலிருந்து பித்தம் கலந்த நீர் இறங்கி வலப்பக்கப் பெருங்குடலில் அப்பிக்கொள்ளும். தட்டையான பாலிப் (குடலின் உட்சுவரில் வளரும் சிறு கட்டி) கண்ணில் படாது.

பெக் பவுடர் என்ற அந்தப் பேதி மருந்தை 2 லிட்டர் தண்ணீரில் கரைத்து, பாதியை முந்தின மாலை 6 மணிக்கும், மீதியை விடிகாலை 4 மணிக்கும், கால் மணிக்கு ஒரு டம்ளராகக் குடித்து 6 மணிக்குள் முடிக்கணும். கடைசியில் தெளிந்த மஞ்சள் நீராகப் போகணும்.

அதனால் முந்தின நாளே வந்து தங்க, மதுரை கோரிப்பாளையம் பக்கம் குறைந்த வாடகையில், அறைக்குள்ளேயே வெஸ்டர்ன் கழிப்பறையும் இரவு முழுக்கத் தண்ணீரும் உள்ள இடம் தெரிந்தால் சொல்லுங்கள். பொதுக் கழிப்பறை என்றால் வேண்டாம். வயதானவர்கள் வரிசையில் நிற்க முடியாது.