ஹீரோவைத் தடை செய்யலாமா? சண்டை விளையாட்டில் குலுக்கலுக்கு இடம் உண்டா?

தீப்பொறி:
எங்கள் விடுதியில் அடுத்த மாதம் சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் அல்டிமேட் என்ற சண்டை வீடியோ கேமில் போட்டி நடத்துகிறோம். விதிகளை எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. அதில் வரும் ஹீரோ என்ற பாத்திரத்தின் பெயரை எடுத்ததும் சண்டை மூண்டுவிட்டது. அவனுடைய மந்திரப் பட்டியலைத் திறந்தால் 21 மந்திரங்களில் ஏதோ நான்குதான் வருகின்றன. அவன் ஓங்கி அடிக்கும் ஸ்மாஷ் அடி எட்டில் ஒரு வாய்ப்பில் திடீரென்று வலுத்துவிடுகிறது. 2019இல் தெற்கு ஆஸ்திரேலியப் போட்டிகளில் அவனைத் தடை செய்ததை நண்பன் எடுத்துக்காட்டுகிறான். பயிற்சி செய்து வந்தவன் குலுக்கலில் தோற்பது நியாயமா?

வடக்குவாசல்:
தயங்காமல் தடை செய்யுங்கள். இதே ஸ்மாஷ் வரிசையில் 2008இல் வந்த பிரால் விளையாட்டில், ஓடத் தொடங்கும்போது நூற்றுக்கு ஒரு வாய்ப்பில் பாத்திரம் தானாகத் தடுக்கி விழும். ஆடுபவர் எந்தத் தவறும் செய்திருக்க மாட்டார். பிராலை மாற்றி ரசிகர்கள் உருவாக்கிய புராஜெக்ட் எம் என்ற பதிப்பு அதை நீக்கியது. 2014இல் வந்த அடுத்த ஸ்மாஷிலும் அது இல்லை. குலுக்கலின் லட்சணம் அவ்வளவுதான்.

டர்னிப்தோட்டம்:
தடுக்கி விழுவதையும் மந்திரப் பட்டியலையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். நான் பல ஆண்டுகளாக, பிராலுக்கு முந்தைய ஸ்மாஷான மெலீயில் பீச் என்ற பாத்திரத்தை எடுத்து ஆடுகிறவள். குலுக்கலோடு குடித்தனம் நடத்துகிறேன். பீச் எறிவதற்காகத் தரையிலிருந்து முகம் வரைந்த டர்னிப் கிழங்கைப் பிடுங்குவாள். எந்த முகம் வரும் என்று எனக்கே தெரியாது. பெரும்பாலும் சாதாரண முகம்; எப்போதாவது தையல் போட்ட முகம், பட்டால் பலத்த அடி. அதைவிட அரிதாக வெடிகுண்டே கைக்கு வரும்.

ஆனால் பிடுங்கும் நேரத்தில் நான் காப்பின்றி நிற்கிறேன். பிடுங்கியது என் கையில் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. தையல் முகத்தைக் கண்டதும், நெருங்கி வந்துகொண்டிருந்த எதிராளி பின்வாங்குவார். நான் எறிந்ததைக் காற்றிலேயே பிடிக்கப் பார்ப்பார். பிடித்துவிட்டால் அது அவருடைய ஆயுதம். தாயத்தில் சோழி விழுந்த பிறகுதானே எந்தக் காயை நகர்த்துவது என்ற யோசனை வருகிறது? 2011இல் கலிஃபோர்னியாவில் நடந்த ஜெனிசிஸ் 2 மெலீ போட்டியை ஆர்மடா என்ற ஆட்டக்காரர் வென்றது பீச்சை வைத்துத்தான். டர்னிப் தயவால் மட்டும் எவரும் அந்த உயரத்துக்குப் போக முடியாது.

பிராலில் நிலைமை தலைகீழ். நீங்கள் முடிவெடுத்துப் பொத்தானை அழுத்திய பிறகு குலுக்கல் வந்து முடிவைப் பறித்துக்கொள்கிறது. பதில் சொல்ல யாருக்கும் நேரம் இல்லை. நான் எதிர்ப்பது அந்த வகையை மட்டுமே.

ஹீரோவிடம் இரண்டும் உண்டு. பட்டியல் எதிராளியின் கண் முன்னேயே விரிகிறது, மந்திரத்துக்கு எம்பி என்ற மந்திர சக்தி செலவாகிறது. அது ஆட்டம். ஆனால் எட்டில் ஒரு வாய்ப்பில் வலுக்கும் அந்த அடி எனக்கு அறவே பிடிக்கவில்லை. அதற்காக முழுப் பாத்திரத்தையும் விலக்குவது அதிகப்படி.

வடக்குவாசல்:
பட்டியல் கண்ணுக்குத் தெரிவதால் மட்டும் நியாயமாகிவிடுமா, தோழி? வாக் என்ற மந்திரம் பட்டால் ஒரே அடியில் ஆளை முடித்துவிடக்கூடும்.

டர்னிப்தோட்டம்:
முடிக்கலாம், முடிக்காமலும் போகலாம். உங்கள் மேல் சேதம் ஏற ஏறத்தான் அந்த வாய்ப்பும் கூடுகிறது. பட்டியலில் வாக்கைப் பார்த்துவிட்டு நேர்கோட்டில் நிற்காதீர்கள். அவன் வேறு மந்திரத்தை எடுத்தால் உங்கள் விலகலுக்கும் விலை உண்டு. அந்தக் கணக்குக்காகத்தான் இந்த விளையாட்டை ஆடுகிறோம்.

மூன்றாம்மணி:
தீப்பொறி தம்பி, போட்டி நடத்திய அனுபவத்தில் சொல்கிறேன். ஹீரோவை அனுமதியுங்கள், ஆனால் காலிறுதியிலிருந்து ஐந்து ஆட்டங்களில் மூன்றை வெல்பவருக்கே சுற்று என்று வையுங்கள். ஒரு குருட்டு அடி ஒரு ஆட்டத்தைக் கெடுக்கலாம், மூன்றைக் கெடுப்பது கடினம். எல்லாக் கன்சோல்களையும் இருவரும் படிக்கக்கூடிய ஒரே மொழியில் வையுங்கள். பட்டியலைப் படிக்க முடியாதவருக்கு டர்னிப்தோட்டம் சொன்ன நியாயம் எதுவும் கிடைக்காது. 21 மந்திரங்களின் பெயரையும் பயனையும் அச்சிட்டு இன்றே விடுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள். போட்டியன்று காலையில் ஒட்டினால் யாரும் படிக்க மாட்டார்கள்.