கோடையில் வானொலிக்கு அம்பாப் பாட்டு: யோசனை சொல்லுங்கள்

காலாப்பட்டுப் பெண்:
வணக்கம். நம்ம புதுவை வாணி பண்பலை வானொலியில் (107.8) கோடைக்கு ஒரு நிகழ்ச்சி செய்ய ஆசை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில்தான். பிள்ளைகளுக்கும் லீவு. வலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டைத் தாத்தாக்களிடம் கேட்டு, பிள்ளைகளே பதிவு செய்ய வேண்டும். இப்போது விட்டால் அந்தப் பாட்டெல்லாம் போய்விடும். எந்த நேரத்தில் போட்டால் கேட்பார்கள்?

வலைக்காரர்:
நல்ல காரியம் தங்கச்சி. காலையில் வேண்டாம். கட்டுமரத்துக்குத் தடை இல்லையே, அவர்கள் மீனோடு வருகிற நேரம் அது. பதினொரு மணிக்கு மேல் வெயில் தாங்காமல் எல்லாரும் நிழலில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்துவோம். கை வேலையில் இருக்கும், காது சும்மாதான் இருக்கும்.

ஒலிப்பதிவாளர்:
மைக்குக்குக் கட்டாயம் பஞ்சு உறை போடுங்கள். இல்லாவிட்டால் கடல்காற்று இரைச்சலில் பாட்டே கேட்காது. படகு மறைவில் உட்கார வைத்துப் பாடச் சொல்லுங்கள். தாத்தாவைத் தனியாகப் பாடவிடாதீர்கள். அம்பா வலை இழுக்கிற பாட்டு. ஒருவர் எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் 'ஏலேலோ' போட்டால்தான் களைகட்டும்.

காலாப்பட்டுப் பெண்:
சரிங்க அண்ணா, அப்போ பதினொன்றரைக்கே கேட்டுப் பார்க்கிறேன். ஏலேலோ போடப் பிள்ளைகள் இருக்கிறார்கள். பஞ்சு உறை புதுச்சேரியில் எங்கே கிடைக்கும்?