மூன்றாம் நாளாக நிற்காத விக்கல்: மருத்துவரிடம் காட்ட வேண்டுமா?

கேள்வி

என் தந்தைக்கு வயது 64. பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை உட்கொள்கிறார். ஞாயிற்றுக்கிழமை இரவு உணவுக்குப் பின் தொடங்கிய விக்கல், சற்று அடங்குவதும் மீண்டும் எழுவதுமாக, புதன்கிழமையான இன்று காலை வரை நீடிக்கிறது. மூச்சை அடக்கச் சொன்னோம். தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்கச் செய்தோம். யாரோ நினைக்கிறார்கள் என்று பாட்டி உறவினர் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லியும் பார்த்துவிட்டார். உறக்கமின்றிச் சோர்ந்திருந்தும், விக்கலுக்கெல்லாம் மருத்துவமனைக்குப் போவதா என்று அப்பா கூச்சப்படுகிறார். காத்திருக்கலாமா?

மறுமொழி 1

ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையை வாயில் போட்டு விழுங்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் நின்றுவிடும். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் சார்லஸ் ஆஸ்போர்ன் என்பவர் 1922 முதல் 1990 வரை விக்கலுடனேயே வாழ்ந்திருக்கிறார்; அஞ்ச வேண்டாம்.

மறுமொழி 2

ஐயா, சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரையைக் கைவைத்தியமாகச் சொல்வது முறையன்று. உள்நோயாளிகள் பிரிவில் நெடுங்காலம் செவிலியராகப் பணியாற்றியவள் என்ற முறையில் எழுதுகிறேன். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானம் திடீரெனச் சுருங்கி, காற்று உள்ளே பாயும் அந்த நொடியிலேயே குரல்வளை மூடிக்கொள்வதால்தான் விக்கல் ஓசை எழுகிறது. வயிறு நிறைய உண்டதால் வருவது தானே அடங்கிவிடும். 48 மணி நேரத்தைக் கடந்தால் காரணத்தைத் தேடியாக வேண்டும், உங்கள் தந்தை அந்த எல்லையைத் தாண்டிவிட்டார். விக்கலைத் தூண்டும் உதரவிதான நரம்பும் வேகஸ் நரம்பும் கழுத்து, நெஞ்சு வழியாக நெடுந்தொலைவு செல்வதால், இரைப்பை அமிலம் மேலேறுவது, நிமோனியா, ஏன், செவிப்பறையை உரசும் ஒரு முடிகூட அவற்றைத் தூண்டிவிடலாம். சர்க்கரை நோயாளிகளிடம் நான் முதலில் ஐயுறுவது சிறுநீரகத்தைத்தான். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், சோடியம், சர்க்கரை அளவுகளுடன் ஈசிஜியும் எடுக்கச் சொல்வார்கள்.

பேச்சுக் குழறல், தள்ளாட்டம், விழுங்க இயலாமை, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள். பக்கவாதமும் மாரடைப்பும் சில வேளைகளில் விக்கலோடு வருவதுண்டு. அண்மையில் புதிய மருந்து ஏதேனும் கொடுத்தார்களா?

மறுமொழி 3

என் அம்மாவுக்கு ஐந்து நாள் விக்கல் இருந்தது. இரத்த அழுத்தத்துக்காக உட்கொண்ட, சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையால் சோடியம் குறைந்திருந்ததை இரத்தப் பரிசோதனை காட்டியது. அதைச் சரிசெய்ததும் விக்கல் நின்றது. விக்கலை நிறுத்தத் தரப்படும் பேக்லோஃபென் மாத்திரையை மருந்துக்கடையில் கேட்டு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு அது உடலில் தேங்கி, நினைவையே இழக்கச் செய்யும்.

கேள்வி கேட்டவர்

அம்மா, நீங்கள் கேட்ட பிறகுதான் நினைவுக்கு வந்தது: சனிக்கிழமை மாலை முழங்கால் வலிக்காக மூட்டில் ஓர் ஊசி போட்டார்கள். சீட்டில் ஸ்டீராய்டு என்று உள்ளது. அப்பாவும் இப்போது இசைந்துவிட்டார், கிளம்புகிறோம்.

மறுமொழி 2

அந்த ஊசியாலும் விக்கல் வரலாம். ஆனால் அதுதான் காரணமென்று நாமே முடிவு கட்டி, மற்றப் பரிசோதனைகளை விட்டுவிடக் கூடாது. ஸ்டீராய்டு சர்க்கரையையும் ஏற்றிவிடும் என்பதால், சென்றவுடன் அதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். ஊசிச் சீட்டையும் அவர் உட்கொள்ளும் மாத்திரை அட்டைகள் அனைத்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.