'டெக்காப்பாஜ்': சுரண்டலா, பூச்சுரிப்பா?

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

கண்ணாடியிழைப் படகின் அடிப்பகுதியிலிருந்து பழைய வண்ணத்தை அகற்றும் வேலையை மொரீசியசில் நாம் 'டெக்காப்பாஜ்' என்ற பிரெஞ்சுச் சொல்லால் வழங்கி வருகிறோம். அதற்கு ஈடாக இங்கு முன்மொழியப்பட்ட 'வண்ணநீக்கம்' துணி வெளுப்பதற்கும் பொருந்திவிடுகிறது. 'சுரண்டல்' கருவியின் செயலை மட்டுமே சொல்கிறது. கரும்புத் தோட்டத்துக் கூலிகளின் வழிவந்த நமக்கு அந்தச் சொல் வேறொன்றையும் நினைவூட்டும் என்பது தனிக்கதை.

சொல் தேடுமுன் படகு உருவாகும் வரிசையைப் பார்க்க வேண்டுகிறேன். மரப்படகைக் கட்டி முடித்த பிறகே வண்ணம் பூசுவார்கள். கண்ணாடியிழைப் படகிலோ, மெழுகு தடவிய அச்சின் உட்புறத்தில் நிறமி கலந்த 'ஜெல்கோட்' (gelcoat) என்னும் பிசினை முதலில் தெளித்து, அது ஓரளவு இறுகியதும் அதன்மேல் கண்ணாடியிழைப் பாயையும் பாலியெஸ்டர் பிசினையும் அடுக்கடுக்காக இட்டு, எல்லாம் கெட்டியான பின் அச்சிலிருந்து கழற்றுகிறார்கள். ஏறத்தாழ அரை மில்லிமீட்டரே தடித்த அந்த அடுக்கு படகோடு பிறந்தது. அதைக் 'கூழ்மப் பூச்சு' என்பது சொல்லுக்குச் சரி, பொருளுக்குப் பிழை. 'அச்சுத்தோல்' என்பதே என் பரிந்துரை. பாசியும் கொட்டலசு என்னும் ஓட்டுயிரியும் ஒட்டாதிருக்கப் பின்னாளில் பூசும், பெரும்பாலும் செப்பு ஆக்சைடு கலந்த வண்ணமே 'பூச்சு'. அதை மட்டும் அகற்றி அச்சுத்தோலோடு நிறுத்துவது 'பூச்சுரிப்பு'.

உப்புத்தாளால் தேய்ப்பதை உரிப்பு எனலாமா என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். தேங்காய் உரிக்கிறவர் மட்டையை நீக்கி ஓட்டோடு நிறுத்திக்கொள்கிறார். எந்த வழியில் செய்தாலும் எங்கே நிறுத்துவது என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. பிரெஞ்சுச் சொல்லில் அது இல்லை. மாயேபூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் 'டெக்காப்பாஜ்' என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். மரக்கதவுக்கு உரிய, மெத்திலீன் குளோரைடு கலந்த நீக்கியைத் தடவி, வண்ணத்தோடு அச்சுத்தோலையும் இளக்கிச் சுருங்க வைத்துவிட்டார்கள். பிறகு நீர்க்கொப்புளம் கண்ட படகுக்குச் செய்வதுபோல் அச்சுத்தோலையே சீவி எடுக்க நேர்ந்தது. அந்த வேலைக்குத் 'தோலுரிப்பு' என்று வைத்தால் வசையாகிவிடும். 'அச்சுத்தோல் சீவல்' போதும்.

துணைச்சொற்களில் 'சுரண்டி' கருவிப்பெயராக நிற்கட்டும். அச்சுத்தோல் கீறாதிருக்க அதன் மூலைகளை மழுக்கிக்கொள்வது வழக்கம். நீர் விட்டு உப்புத்தாளால் தேய்ப்பதை 'ஈரத்தேய்ப்பு' எனலாம். செப்புத்தூள் மூச்சில் ஏறாமல் தடுப்பதே அந்த ஈரத்தின் வேலை. 2001-இல் ஏற்கப்பட்டு 2008-இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு உடன்படிக்கை விலக்கிய டிரைபியூட்டைல்டின் (இத்தகைய பூச்சுகளில் முன்பு கலந்த நச்சு வெள்ளீயச் சேர்மம்), மிகப் பழைய படகுகளின் அடியடுக்கில் இன்னும் இருக்கக்கூடும் என்பதால், கலைச்சொல் விளக்கத்தில் ஈரத்தேய்ப்பை முதலில் வைக்க வேண்டும்.

பூச்சு + உரிப்பு என்பதில் குற்றியலுகரம் கெட்டுப் 'பூச்சுரிப்பு' ஆவதால் புணர்ச்சியில் தடையில்லை. பாசி ஒட்டாத பூச்சுக்குப் 'பற்றுத்தடைப் பூச்சு' என்று எழுதி வைத்திருக்கிறேன். அதைவிடச் சுருக்கமான சொல் இருந்தால் ஏற்றுக்கொள்கிறேன்.