கேரர் வேலைக்குப் போறீங்களா? மணிக்கு எவ்வளவுன்னு மட்டும் கேட்காதீங்க

கேள்வி: பர்மிங்ஹாம் வந்து ரெண்டு மாசம் ஆச்சு. கணவருக்கு ஸ்கில்டு வொர்க்கர் விசா, நான் டிபென்டன்ட். வீடு வீடாப் போய் முதியவங்களைப் பார்த்துக்கிற ஏஜென்சி ஒண்ணு மணிக்கு 12.71 பவுண்டுன்னு கூப்பிடுது. ஆள் பஞ்சம்னு எல்லாரும் சொல்றாங்க. அப்புறம் ஏன் சம்பளம் இவ்வளவுதான்?

பதில்: தங்கச்சி, 12.71 அவங்க பார்த்துக் கொடுக்கிறது இல்ல. 2026 ஏப்ரல்ல இருந்து 21 வயசு ஆனவங்களுக்குச் சட்டம் வச்ச குறைந்தபட்சக் கூலியே அதுதான். ஒரு பைசா குறைச்சாலும் தப்பு.

ஆள் பஞ்சம் நிஜம். இங்கிலாந்துல பராமரிப்புத் துறைல 2021-22ல சுமார் 1,65,000 வேலை இடம் காலியா இருந்துச்சு, 2024-25ல 1,11,000. குறைஞ்சதுக்குப் பெரிய காரணம் கேரர் விசால வந்து இறங்கின வெளிநாட்டு ஆளுங்க. அந்தக் கதவையும் 2025 ஜூலை 22ல சாத்திட்டாங்க. பல ஏஜென்சிக்குப் பணம் வர்றது கவுன்சில்ல (நம்ம ஊர் மாநகராட்சி மாதிரி) இருந்து. கவுன்சில் கையே காலி. அவங்க கொடுக்கிற ரேட்டுக்குள்ளதான் உங்க சம்பளமும் அடங்கணும்.

ஆனா என்னைக் கேட்டா, ரேட்டைவிட மோசம் மணிக்கணக்கு. என் முதல் ஏஜென்சியில (பேர் வேண்டாம்) காலைல ஏழுக்குக் கிளம்பினா ராத்திரி ஒன்பதுக்குத்தான் வீடு. பேஸ்லிப்ல வந்தது ஏழரை மணி நேரம். ஒரு வீட்டுல அரை மணி, அடுத்த வீட்டுக்கு இருபது நிமிஷம் கார் ஓட்டணும். அந்த இருபது நிமிஷத்துக்குக் காசு இல்ல. ஆறு மாசம் இதுதான் ஊர் வழக்கம்னு நம்பிட்டு இருந்தேன். ஆனா சட்டப்படி ஒரு கிளையன்ட் வீட்டுல இருந்து நேரா அடுத்த வீட்டுக்குப் போற நேரமும் குறைந்தபட்சக் கூலிக் கணக்குல சேரும். நம்ம வீட்டுல இருந்து முதல் வீட்டுக்குப் போறதும், கடைசி வீட்டுல இருந்து திரும்புறதும் சேராது. நடுவுல மூணு மணி நேரம் கேப் விட்டு வீட்டுக்கு அனுப்பினா அதுவும் கணக்குல சேராது. அதனால சேர்றதுக்கு முன்னாடி ஒரு வாரத்து ரோட்டாவை (எந்த நேரம் எந்த வீடுன்னு போட்ட அட்டவணை) காட்டச் சொல்லுங்க. காட்டத் தயங்கினா எனக்கு அதுவே பதில். பயண நேரத்துக்குக் காசு உண்டா, மைலேஜ் (கார் ஓட்டுற தூரத்துக்குக் கொடுக்கிற காசு) எவ்வளவு, கிளையன்ட் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா அந்த மணி நேரம் என்ன ஆகும்னு கேட்டு, பதிலை ஈமெயில்ல வாங்கிக்கோங்க. சேர்ந்த பிறகு போன நேரம், வந்த நேரம் எல்லாம் ஒரு நோட்டுல எழுதுங்க. என் பாக்கி கைக்கு வந்தது அந்த நோட்டாலதான். அதுக்கு முன்னாடி ஏகாஸ் (Acas, வேலை உரிமை பத்தி ஆலோசனை சொல்ற அமைப்பு) ஹெல்ப்லைன்ல பேசினேன், ஆலோசனை இலவசம்.

லீவு நாள்லயும் "ஆள் வரல, கொஞ்சம் வர முடியுமா"ன்னு போன் வரும். முடியலன்னா முடியலன்னு சொல்லுங்க. ஸ்டூடண்ட் விசால டிகிரி படிக்கிறவங்க இன்னும் உஷாரா இருக்கணும்: டேர்ம் நடக்கிறப்ப வாரத்துக்கு 20 மணி நேரம்தான். மேனேஜர் கெஞ்சினார்னு தாண்டினா போறது உங்க விசா.

கேள்வி: நன்றிக்கா. 48 மணி நேரம்னு ஒரு ஃபார்ம்லயும் கையெழுத்து கேட்கிறாங்களே?

பதில்: அது வாரத்துக்குச் சராசரி 48 மணி நேரத்துக்கு மேல வேலை செய்யச் சம்மதம்னு எழுதிக் கொடுக்கிறது. கட்டாயம் இல்ல. போட்டுட்டாலும் எழுத்துல நோட்டீஸ் கொடுத்து வாபஸ் வாங்கலாம். குறைஞ்சது ஏழு நாள், ஃபார்ம்ல கூடுதலா இருந்தா மூணு மாசம் வரை. நான் போடல, வேலையும் போகல.