கூத்து அரங்கேற்றம்: மிக்ஸரிலிருந்து லப்டொப்புக்கு எடுப்பதா, ஆடுகளமான களரியிலிருந்தே எடுப்பதா?

களரிக்கரை:

எங்கள் ஊர் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் இருக்கிறது. வடமோடி என்கிற பாணியில் கூத்தொன்று பழகி வருகிறோம். அரங்கேற்றத்துக்கு இன்னும் மூன்று கிழமைதான். கூத்தைப் பழக்குகிற அண்ணாவியாருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. கொப்பியில் எழுதி வைத்திருப்பது பாட்டை மட்டும்தான். தாளக்கட்டும் இழுவையும் அவருடைய கையிலும் தொண்டையிலும் இருக்கின்றன. இந்த முறை விடியும்வரை முழுவதையும் ஒழுங்காகப் பதிவு செய்கிறேன் என்று பொறுப்பெடுத்துவிட்டேன்.

போன கிழமைக் கூத்தில், அதாவது கிழமை தோறும் நடக்கிற ஒத்திகையில், ஒருதரம் முயன்று பார்த்தேன். வாடகைக்கு வந்த மிக்ஸரில் பதிவுக்கென்று இருக்கிற ரெக் அவுட்டில் சிவப்பு வெள்ளை ஆர்சிஏ வயரைக் குத்தி, மறுமுனையை லப்டொப்பின் ஒற்றைத் துளைக்குள் செருகினேன். திரையில் அலை ஓடியது, நிம்மதியாக இருந்தேன். வீட்டுக்கு வந்து கேட்டால், பக்கத்தில் இருந்த பிள்ளைகள் கச்சான் உடைக்கிற சத்தம் துலக்கமாக இருக்கிறது, அண்ணாவியார் எங்கோ தூரத்தில் பாடுகிறார். மூன்று மணித்தியாலமும் இப்படியே.

பிறகு ஹெட்போன், மைக் என்று இரண்டாகப் பிரிக்கும் சின்ன வயர் வாங்கி, மைக் பக்கத்தில் கொடுத்துப் பார்த்தேன். இப்போது மிக்ஸர் வருகிறது. ஆனால் குரல் ஏறினால் கிழிகிறது, அடியில் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல். ஒலியை லப்டொப்புக்கு மாற்றிக் கொடுக்கும் யூஎஸ்பி பெட்டி ஒன்று வாங்கத்தான் வேண்டுமா, வயரோடு சமாளிக்கலாமா?

கல்லடி ஒலிபெருக்கி:

தம்பி, அந்த ஒற்றைத் துளை கைபேசி ஹெட்செட்டுக்கு உரியது. மைக்கும் சேர்ந்து வேலை செய்ய வேண்டுமென்றால் ஜாக் பின்னில் மூன்று கறுப்பு வளையம் இருக்க வேண்டும். உங்கள் வயரில் இரண்டுதான் இருந்திருக்கும். லப்டொப் அதை வெறும் ஹெட்போன் என்று எடுத்துக்கொண்டு, தன் மூடியில் உள்ள மைக்கிலேயே பதிந்திருக்கிறது. இனிப் பதிவு தொடங்கும்போது அந்த மைக் ஓட்டைக்குப் பக்கத்தில் நகத்தால் தட்டிப் பாருங்கள். அலை துள்ளினால் மிக்ஸர் வரவில்லை.

கிழிசலுக்கு வருவோம். ரெக் அவுட்டில் ஏறக்குறைய 0.3 வோல்ட் வரும், ஸ்பீக்கருக்குப் போகிற மெயின் அவுட்டில் 1.2 வோல்ட். மைக் துளை கேட்பதோ சில மில்லிவோல்ட். வாய்க்காலுக்குள் குளத்து வான்கதவைத் திறந்துவிட்ட மாதிரிதான். லப்டொப்பில் அளவைக் குறைத்தாலும் பெரும்பாலும் பயனில்லை, அதற்கு முன்னாலேயே கிழிந்துவிடும். 10 கிலோஓம் தடை ஒன்றைத் தொடராகவும் 100 ஓம் ஒன்றை நிலத்துக்கும் போட்டு வயரின் நடுவில் பற்றவைத்தால் 40 டெசிபல் இறங்கும், அதாவது நூறில் ஒன்றாகும். கோயில் திருவிழாக்களில் நான் இருபது வருடமாக இப்படித்தான் எடுக்கிறேன். காசைச் செலவழிக்க வேண்டாம்.

வாவிக்கரை:

கல்லடி அண்ணன் சொன்ன காரணம் சரி, வைத்தியத்தை நான் ஏற்க மாட்டேன். பழைய லப்டொப்பில் மைக்குக்குத் தனித் துளை இருந்தது, அதில் இது ஓடும். இப்போதையவற்றில் பல, எதிரில் உள்ள தடையை அளந்துதான் மைக் இருக்கிறதா என்று முடிவெடுக்கின்றன. 100 ஓமைக் கண்டால் மைக் இல்லை என்று திரும்பவும் மூடி மைக்குக்கே போய்விடும். கிழமைக் கூத்தில் நடந்த அதே விபத்து அரங்கேற்றத்தில் நடக்கலாம்.

அதுவும் ஓடிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அந்தத் துளை ஒற்றைச் சனல்தான், இடமும் வலமும் ஒன்றாகிவிடும். விண்டோஸ் வேறு, இரைச்சல் குறைக்கிறேன் என்று கைத்தாளமான சல்லரியின் கார்வையை வெட்டும். பேச்சுக்காகச் செய்யப்பட்ட வடிகட்டிக்குச் சல்லரியும் இரைச்சலும் ஒன்றுதான். மைக் அமைப்பில் அந்த ‘என்ஹான்ஸ்மென்ட்’ எல்லாவற்றையும் நிறுத்தியே ஆக வேண்டும்.

பெரிய பெட்டி தேவையில்லை. பெஹ்ரிங்கர் யூசிஏ222 உள்ளங்கை அளவுதான். ரெக் அவுட்டின் இரண்டு ஆர்சிஏயையும் நேரே வாங்கிக்கொண்டு யூஎஸ்பியில் கொடுக்கும். மட்டம் பொருந்தும், இரண்டு சனலும் வரும். வாடகைக்கு வருகிற மிக்ஸரிலேயே யூஎஸ்பி இருக்கிறதா என்றும் கேளுங்கள். யமஹா எம்ஜி10எக்ஸ்யூ மாதிரியானவற்றில் இருக்கிறது. இருந்தால் ஒரு யூஎஸ்பி வயரோடு வேலை முடிந்தது.

தென்கிழக்குக் காற்று:

அக்கரைப்பற்றிலிருந்து எழுதுகிறேன். அந்த ‘ம்ம்ம்’ எர்த்தால் வருவது. லப்டொப் சார்ஜரின் மூன்று பின்னில் எர்த் பின்னை எடுத்துவிட்டால் உடனே நிற்கும். நான் பலமுறை செய்திருக்கிறேன்.

கல்லடி ஒலிபெருக்கி:

தம்பி, தயவுசெய்து இதை யாருக்கும் சொல்லாதீர்கள். ஈர மண், ஜெனரேட்டர், வெறுங்காலோடு ஆடுகிற பிள்ளைகள், கையில் உலோக மைக். அந்தப் பின் இருப்பது உயிருக்காக. மார்கழி மழையில் ஒரு மேடையில் மைக்கைப் பிடித்த பையன் தூக்கி எறியப்பட்டதை நான் கண்ணால் கண்டவன். பையன் பிழைத்தான். அன்றைக்குப் பிறகு எர்த் இல்லாத வயரை என் பெட்டிக்குள் வைப்பதே இல்லை.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று அறிய ஒரு நிமிடம் போதும். சார்ஜரைக் கழற்றி பற்றரியில் ஓடவிடுங்கள். இரைச்சல் நின்றால், மிக்ஸரின் எர்த்தும் லப்டொப்பின் எர்த்தும் சேர்ந்து ஒரு வளையமாகி, 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் அதில் சுற்றுகிறது. இரண்டையும் ஒரே பலகையில் குத்திப் பாருங்கள். அதற்கும் போகாவிட்டால் நடுவில் ஒலிக்கான ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபோர்மர் போடுங்கள். கம்பித் தொடர்பு இல்லாமல் ஒலி மட்டும் தாண்டும், எர்த் பின்னும் இருந்த இடத்தில் இருக்கும்.

தென்கிழக்குக் காற்று:

சரி அண்ணன், எழுதியதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

அண்ணாவியார் மகள்:

நீங்கள் எல்லோரும் வயரைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்த வயருக்குள் கூத்து இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை.

என் அப்பா மத்தளம் அடித்தால் மூன்று வளவு தள்ளிக் கேட்கும். அதனால் சவுண்ட்ஸ்காரர் மத்தளத்துக்கு மைக் வைப்பதில்லை, வைத்தாலும் கொஞ்சமாகத்தான் திறப்பார். சனத்துக்கு அது போதும், மீதியைக் காற்றில் கேட்டுவிடுவார்கள். ஆனால் மிக்ஸரிலிருந்து எடுத்த பதிவில் என்ன இருக்கும்? ராசா வேடக்காரரின் குரல் வாய்க்குள் இருந்து பேசுகிற மாதிரி நிற்கும், மத்தளம் அந்தக் குரல் மைக்கில் கசிந்த அளவுக்குத் தகரம் தட்டுகிற மாதிரி வரும். சலங்கை வராது. பிற்பாட்டுக்காரர் நாலு பேருக்கு ஒரு மைக் என்றால் முன்னால் நிற்பவர் மட்டும் கேட்பார். எங்கள் ஊரில் சில வருடங்களுக்கு முன் எடுத்த பதிவொன்று இப்படித்தான் இருக்கிறது. பாத்திரம் களரிக்குள் வரும்போது ஆடுகிற வரவு ஆட்டம் வந்தால் பாட்டு நிற்கும், உடனே பதிவும் செத்துப்போகும். கூத்தின் உயிரே அந்த ஆட்டத் தாளம்தான்.

வட்டக்களரிக்குப் பக்கத்தில், ஆள் உயரத்துக்கு மேல் ஒரு தாங்கியில் நல்ல கையடக்க ரெக்கோர்டர் ஒன்றை வையுங்கள். அது போதும். மிக்ஸரை விட்டுவிடுங்கள்.

வாவிக்கரை:

அக்கா, மத்தளம் பற்றிச் சொன்னது முழுக்க உண்மை. ஆனால் மிக்ஸரை விடச் சொல்வதை ஏற்க முடியாது. ரெக்கோர்டருக்கு ஸ்பீக்கர் பெட்டியின் சத்தமும் ஜெனரேட்டரும் சனத்தின் பேச்சும் சேர்ந்தே போகும். கூத்துப் பாட்டு தெரியாத ஒரு பிள்ளை பத்து வருடம் கழித்து அதைக் கேட்டால் சொல் விளங்குமா? கொப்பிச் சொல்லும் பாடிய சொல்லும் வேறுபடுகிற இடங்கள் எத்தனை! அதைப் பிடிக்கக் குரல் மைக் நேரே வர வேண்டும்.

அண்ணாவியார் மகள்:

சொல்லைக் கொப்பியில் பார்க்கலாம் தம்பி. அப்பா ஒரு தருவை, அந்தக் கூத்துப் பாட்டை, இழுத்து, மத்தளத்தில் ஒரு அடியைப் பிந்தவிட்டு விழுத்துவதை எந்தக் கொப்பியில் பார்ப்பது?

கல்முனைத் தடம்:

இரண்டு பேருக்கும் வேண்டியதை ஒன்றாக எடுக்கலாம். மிக்ஸரில் ஒலியைத் தனி வழியில் வெளியே அனுப்புகிற ஆக்ஸ் சென்ட் என்று ஒன்று இருக்கிறது. அதை, சத்தத்தை ஏற்றி இறக்கும் ஃபேடருக்கு முந்தியதாக வைத்தால், சனத்துக்குப் போகிற கலவையைத் தொடாமல் பதிவுக்கென்று தனிக் கலவை செய்யலாம். மத்தளத்துக்கு ஒரு மைக் வைத்து, ஸ்பீக்கருக்குப் போகும் ஃபேடரை மூடிவிட்டு, ஆக்ஸில் மட்டும் நன்றாகத் திறங்கள். ஸ்பீக்கருக்குப் போகாத மைக் கூவாது. வசதி இருந்தால் பெஹ்ரிங்கர் எக்ஸ்ஆர்18 போன்ற டிஜிட்டல் மிக்ஸர். 18 சனலும் தனித்தனியாக யூஎஸ்பியில் வரும், வீட்டில் இருந்து ஆறுதலாகக் கலக்கலாம்.

என் அனுபவத்தில் ஒன்று. ஒருமுறை மெயின் அவுட்டின் பெரிய ஜாக்கிலிருந்து சாதாரண ஸ்டீரியோ வயரில் எடுத்தேன். ஹெட்போனில் கேட்டால் குரல் தலைக்கு வெளியே எங்கோ நிற்கிறது. கைபேசியில் போட்டால் குரலே இல்லை! அந்த ஜாக்கில் ஒரே ஒலிதான் நேராகவும் தலைகீழாகவும் வருகிறது. ஸ்டீரியோ வயர் அதை இடம், வலம் என்று பிரித்துவிட்டது. கைபேசியின் ஒற்றை ஸ்பீக்கரில் இரண்டும் சேர்ந்து ஒன்றையொன்று அழித்துக்கொண்டன. ஓடாசிட்டி மென்பொருளில் ஒரு சனலை மட்டும் இன்வேர்ட் செய்ததும், அதாவது தலைகீழாக்கியதும், குரல் திரும்பி வந்தது. மெயின் அவுட்டில் எடுப்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

கல்லடி ஒலிபெருக்கி:

18 சனல் யாருக்கு? கிராமத்துக் கூத்துக்குச் சனம் வீடுவீடாகச் சேர்த்த காசில்தான் சவுண்ட்ஸ் பிடிக்கிறார்கள். ஆக்ஸ் யோசனை நல்லது, அது சாதாரண மிக்ஸரிலும் இருக்கிறது. ஆனால் ராத்திரி ஒரு மணிக்கு மேல் அந்த ஆக்ஸை யார் பார்ப்பது? மிக்ஸரில் நிற்பவன் ஒருவன், அவனுக்கும் நித்திரை வரும்.

களரிக்கரை:

நான் பார்ப்பேன் அண்ணன், பக்கத்திலேயே இருக்கிறேன். மத்தளத்துக்குத் தனி மைக்கும் சரி. இன்னொரு கேள்வி. மிக்ஸரை லப்டொப்பிலும் களரியை ரெக்கோர்டரிலும் எடுத்துப் பிறகு சேர்க்கலாமா?

வாவிக்கரை:

சேர்க்கலாம், கரைச்சல் உண்டு. இரண்டு கருவிக்கும் உள்ளே இரண்டு கடிகாரம். பத்து லட்சத்தில் 20 பங்கு வித்தியாசம் இருந்தாலே ஏழு மணித்தியாலத்தில் அரைச் செக்கன் விலகும். மத்தளத்தில் அரைச் செக்கன் என்றால் தாளமே போயிற்று. நாலு சனல் யூஎஸ்பி பெட்டி ஒன்று இரவலாகக் கிடைத்தால், இரண்டில் மிக்ஸரின் ஆக்ஸ், இரண்டில் களரிக்கு இரண்டு மைக். ஒரே கடிகாரம், விலகாது. களரி மைக் பத்து மீற்றர் தள்ளி இருந்தால் ஒலி வந்து சேர 29 மில்லிச்செக்கன் பிந்தும். அது கடைசி வரை மாறாது, ஒருமுறை நகர்த்திவிட்டால் சரி.

அக்கா, இதை எழுதும்போது ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். இரண்டில் ஒன்றைத்தான் வைக்கலாம் என்றால், ஆட்டத் தாளத்துக்காக நானும் களரி மைக்கைத்தான் வைப்பேன்.

கல்முனைத் தடம்:

கோப்பின் அளவையும் பாருங்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், இரண்டு சனல் என்றால் ஒரு மணித்தியாலம் ஒரு ஜிபிக்குச் சற்று மேல். சாதாரண வேவ் கோப்பு 4 ஜிபிக்கு மேல் போகாது, அதாவது நாலு மணித்தியாலம் எட்டு நிமிடம். பத்து மணிக்குத் தொடங்கினால் இரண்டு மணி தாண்டியதும் முட்டும், கூத்து உச்சத்தில் இருக்கிற நேரம். மணித்தியாலத்துக்கு ஒரு கோப்பாகத் தானே வெட்டி எழுதுகிற மென்பொருளைப் பயன்படுத்துங்கள், அல்லது ஆர்எஃப்64 வடிவத்தில் எழுதுங்கள். உச்சக் குரல் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள். 24 பிட்டில் சத்தம் குறைவாக இருந்தால் பிறகு தூக்கலாம், கிழிந்ததைத் தைக்க முடியாது. லப்டொப் உறங்கப் போகாமலும் நிறுத்தி வையுங்கள்.

அண்ணாவியார் மகள்:

வேறொன்றும் கேட்கவில்லை, அந்த மைக்கை ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் வைக்காமல் பெட்டிக்குப் பின்பக்கமாக, களரியைப் பார்த்து வையுங்கள். அண்ணாவியார் நிற்கிற இடத்திலிருந்து மூன்று நாலு மீற்றர். ஆடுகிறவர் சுற்றி வரும்போது தாங்கியைத் தட்டாத உயரம்.

களரிக்கரை:

எல்லோருக்கும் நன்றி. வருகிற வெள்ளிக்கிழமை அடுக்குப் பார்த்தல், அரங்கேற்றத்துக்கு முந்திய முழு ஒத்திகை. கூட்டாளி ஒருவரிடம் நாலு சனல் பெட்டி இருக்கிறது, தருவதாகச் சொல்லிவிட்டார். ஆக்ஸில் குரலும் மத்தளமும், மற்ற இரண்டில் களரி மைக். மைக்குக்கு மட்டும் உயரமான தாங்கி இல்லை.

கல்லடி ஒலிபெருக்கி:

என்னிடம் இரண்டு இருக்கிறது, பாலம் தாண்டி வந்து எடுத்துப் போங்கள். ஆர்சிஏ பின்களையும் கொண்டு வாருங்கள். கடற்கரைக் காற்றில் அவை பச்சை பிடித்துக் கரகரக்கும், இங்கே துடைத்துத் தருகிறேன். வெள்ளிக்கிழமை பதிவில் ஐந்து நிமிடத்தை இங்கே போடுங்கள். வரவு ஆட்டம் வருகிற இடமாகப் பார்த்துப் போடுங்கள், அக்காவும் கேட்கட்டும்.